அலை ரேடார் தவறான எண்ணைக் காட்டும்போது: அறிகுறியிலிருந்து கோளாறுக்கு

திரையில் அலை உயரம் 0.6 மீட்டர் என்று நிற்கிறது. சன்னலுக்கு வெளியே அலைத்தடுப்புச் சுவரின் கற்களைத் தாண்டித் தண்ணீர் வந்து பாதையில் விழுகிறது. பைலட் படகை ஓட்டுபவர் வயர்லெஸ்ஸில் கேட்கிறார்: "சார், போகலாமா, வேண்டாமா?" இந்த இடத்தில் நான் பலமுறை நின்றிருக்கிறேன். அப்போது கையில் இருந்திருந்தால் உதவியிருக்கும் என்று தோன்றியவற்றை இங்கே எழுதுகிறேன்.

இது கரையிலோ தடுப்புச் சுவரிலோ கோபுரத்தின் மேல் பொருத்திய எக்ஸ் பேண்ட் ரேடாருக்கான வழிமுறை. கப்பல்களில் சுழலும் அதே 9.4 கிகாஹெர்ட்ஸ் ரேடார்தான். அதன் படங்களை ஒரு கணினி வரிசையாக வாங்கி, அலையின் உயரம், காலம் (ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான நேரம்), திசை, மேற்பரப்பு நீரோட்டம் ஆகியவற்றைக் கணக்கிடுகிறது. கல்பாக்கம், கடலூர் கரைகளில் நீரோட்டம் அளக்க நிறுவியிருக்கும் உயர் அதிர்வெண் ரேடார்கள் வேறு வகை. அவற்றின் கோளாறுகளும் வேறு.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கோளாறுகள் விளங்கிவிடும். இந்த ரேடார் அலையின் உயரத்தை நேரடியாக அளப்பதில்லை. நீளத்தையும் வேகத்தையும் திசையையும் படத்திலிருந்து பார்க்கிறது. உயரத்தை மட்டும் சைகை–இரைச்சல் விகிதத்திலிருந்து (படத்தில் அலையின் எதிரொலி மற்ற இரைச்சலைவிட எவ்வளவு வலுவானது என்பதிலிருந்து), முன்பு கடலில் அலையை அளக்கும் ஒரு மிதவையோடு ஒப்பிட்டு வாங்கிய எண்களை வைத்து ஊகிக்கிறது. அதனால் கருவியில் எது தளர்ந்தாலும் முதலில் பொய்யாவது உயரம்தான். திசையும் காலமும் கடைசி வரை ஓரளவு உண்மையாகவே இருக்கும்.

## எதையும் தொடுவதற்கு முன்

கடலைப் பாருங்கள். காற்றுமானியைப் பாருங்கள். பணிப்பதிவேட்டைத் திறந்து, கடந்த சில நாள்களில் கோபுரத்தில் யார் ஏறினார்கள், ரேடார் முகப்பில் யார் கை வைத்தார்கள் என்று பாருங்கள். பிறகு, சுருக்காத மூலப் படங்களில் ஒரு தொகுதியைத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் நாம் நாலு குமிழைத் திருப்பிவிட்டால் கோளாறு இருந்த நிலை திரும்பக் கிடைக்காது. பொறியாளர் வந்தால் முதலில் கேட்கப்போவதும் அந்தப் படங்களைத்தான்.

இன்னொன்றையும் ஒருமுறை உறுதி செய்து, ரேடார் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்: உங்கள் கணினிக்கு வரும் படம், ரேடார் தன் வடிகட்டல்களைச் செய்வதற்கு முன் எடுக்கப்படுகிறதா, பின்னா? முன் என்றால் முகப்புக் குமிழ்களால் உங்கள் தரவு கெடாது. பின் என்றால், இரவுப் பணியாளர் திரையைத் தெளிவாக்க ஒரு பொத்தானை அழுத்தியதே உங்கள் அலைகளை அழித்திருக்கலாம்.

## அறிகுறி 1: படம் இருட்டாக இருக்கிறது, அலைக் கோடுகளே இல்லை

காற்று இருக்கிறதா? எக்ஸ் பேண்ட் ரேடார் பெரிய அலையைப் பார்ப்பதில்லை. அதன் மேல் காற்று எழுப்பும், ஓரிரு சென்டிமீட்டர் நீளமுள்ள சிற்றலைகளைப் பார்க்கிறது. காற்று வினாடிக்கு 3 மீட்டருக்குக் கீழே, அதாவது மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் அந்தச் சிற்றலைகள் அடங்கிவிடும், படமும் கறுத்துவிடும். இது கோளாறு அல்ல. வாடைக்கும் கச்சானுக்கும் இடையே காற்று மாறும் நாள்களில் விடியற்காலையில் இப்படி ஆகி, வெயில் ஏறிக் கடற்காற்று தொடங்கியதும் தானே சரியாகும். காத்திருங்கள்.

காற்று இருந்தும் இருட்டு என்றால் முகப்புக்குப் போங்கள். கப்பல் ஓட்டுபவருக்குக் கடலின் எதிரொலி குப்பை. அதை மறைக்கத்தான் 'சீ கிளட்டர்', 'ரெயின் கிளட்டர்' என்ற இரண்டு வசதிகளும் இருக்கின்றன. நமக்கோ அந்தக் குப்பைதான் தரவு. இரண்டும் முழுதாக அணைந்திருக்க வேண்டும். தானியங்கி நிலையில் விட்டிருந்தாலும் தவறுதான்; அலை பெரிதாகப் பெரிதாக அது இன்னும் கடுமையாக அடக்கும். கெயின் (வரும் சைகையைப் பெருக்கும் அளவு) எண் பதிவேட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

துடிப்பின் நீளம். அலை அளக்கக் குறுந்துடிப்பு வேண்டும். 50 முதல் 80 நானோவினாடி என்றால் 7.5 முதல் 12 மீட்டர் வரை பிரித்துப் பார்க்கலாம். யாராவது தூரத்துக் கப்பலைத் தேடி வீச்சை 12 கடல் மைலுக்கு மாற்றியிருந்தால் ரேடார் தானாகவே நெடுந்துடிப்புக்குப் போயிருக்கும். கோடுகள் கலங்கி ஒரே வெளிச்சப் பூச்சாகத் தெரிவது இதன் அடையாளம்.

கப்பலும் தெரியவில்லையா? நங்கூரமிட்ட கப்பல்கள், தடுப்புச் சுவரின் முனை போன்ற வலுவான இலக்குகளும் மங்கியிருந்தால் பிரச்சினை அனுப்பும் பக்கத்திலோ வாங்கும் பக்கத்திலோ இருக்கிறது. ரேடாரின் சோதனைப் பக்கத்தில் மேக்னட்ரான் (ரேடார் துடிப்பை உருவாக்கும் குழல்) மின்னோட்டம், அனுப்பிய மொத்த மணிநேரம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மேக்னட்ரானின் ஆயுள் சில ஆயிரம் மணிநேரம். கப்பலில் அது பல ஆண்டுகள் வரும், ஏனென்றால் துறைமுகத்தில் நிற்கும்போது அணைத்துவிடுகிறார்கள். அலை ரேடார் இரவும் பகலும் ஓடுகிறது. ஆண்டுக்கு 8,760 மணிநேரம். செலவுத் திட்டம் போடுபவர்களுக்கு இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இங்கே நிறுத்தி, ஆளை அழையுங்கள்: மேக்னட்ரான் மாற்றுவது, மாடுலேட்டரை (மேக்னட்ரானுக்கு உயர் மின்னழுத்தத் துடிப்பைத் தரும் பகுதியை) திறப்பது, அலைவழிக் குழாயில் தண்ணீர் இறங்கியிருப்பது. அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். நீண்ட நாள் பெட்டியில் கிடந்த புதிய மேக்னட்ரானை உடனே அனுப்பும் நிலையில் போட்டால் உள்ளே பொறி பறந்து வீணாகிவிடும். அதைச் சூடேற்றிப் பழக்கும் முறை தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

## அறிகுறி 2: படம் நன்றாக இருக்கிறது, உயரம் மட்டும் குறைவு

இதில் மூன்று கிளைகள் உண்டு. எப்போதிலிருந்து குறைகிறது என்பதைப் பொறுத்துப் பிரியுங்கள்.

### மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்து வந்தால்

மேக்னட்ரான் மூப்பு, அல்லது ஆண்டெனா முகத்தில் உப்பு. உப்பைப் பார்ப்பது மலிவு. அதை முதலில் பாருங்கள். கோபுரத்திலேயே உள்ள பாதுகாப்புச் சுவிட்சை அணைத்துவிட்டு ஏறுங்கள். கீழே இருப்பவர் தெரியாமல் இயக்கிவிட்டால், சுழலும் ஆண்டெனாவின் அடி ஒரு ஆளைக் கீழே தள்ளப் போதும். நல்ல தண்ணீரும் மென்மையான துணியும் போதும். கரைப்பான் எதுவும் வேண்டாம். கழுவிய மறுநாள், அதே அளவு காற்றில், சைகை–இரைச்சல் விகிதம் ஏறியிருந்தால் கோளாறு தீர்ந்தது. ஏறவில்லை என்றால் மேக்னட்ரான் கணக்குக்குத் திரும்புங்கள்.

### ஒரே நாளில் விழுந்திருந்தால்

யாரோ எதையோ செய்திருக்கிறார்கள். பதிவேடுதான் இங்கே மருந்து.

ஒருமுறை ஒரு செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்து எங்கள் உயரம் ஏறத்தாழ பாதியானது. காற்று மாறவில்லை, மிதவை 1.4 மீட்டர் சொன்னது, நாங்கள் 0.7 சொன்னோம். கேபிள், கனெக்டர், அமைப்புகள் எல்லாவற்றையும் இரண்டு நாள் பார்த்தோம். மூன்றாம் நாள் கோபுரத்தில் ஏறியபோதுதான் தெரிந்தது: கைப்பிடிக் கம்பிகளுக்கு அலுமினியப் பெயின்ட் அடித்த தொழிலாளி, ஆண்டெனாவின் முன்முகத்தையும் சேர்த்து அழகாக அடித்துவிட்டுப் போயிருந்தார். வெள்ளையாக இருந்த முகம் வெள்ளியாக மின்னியது. மற்றவை எல்லாம் புதுப் பெயின்டில் மின்ன, இது மட்டும் பழுப்பேறி இருப்பதைப் பார்த்து, செய்யும் வேலையை முழுமையாகச் செய்ய வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அவர் மேல் தவறில்லை. அங்கே ஒரு எச்சரிக்கைப் பலகை இல்லாதது எங்கள் தவறு. ஆண்டெனாவின் கதிர்வீசும் முகத்தில் எந்தப் பெயின்டும் படக் கூடாது. உலோகத்தூள் கலந்த பெயின்ட் அதற்குத் திரை போட்டதற்குச் சமம். இப்போது அந்த முகத்துக்குக் கீழே பெரிய சிவப்பு எழுத்தில் தமிழிலும் இந்தியிலும் எழுதி வைத்திருக்கிறோம்.

பெயின்ட் இல்லை என்றால், அண்மையில் மேக்னட்ரான் மாற்றினார்களா, கெயின் மாற்றினார்களா, மென்பொருளைப் புதுப்பித்தபோது, மிதவையோடு ஒப்பிட்டு வாங்கிய பழைய அளவீட்டு எண்கள் அழிந்து நிறுவனத்தின் பொது எண்கள் உட்கார்ந்துவிட்டனவா என்று பாருங்கள். இந்தக் கடைசிக் காரணம் பலர் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது. அமைப்புக் கோப்பின் தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

### காற்று அடங்கிய நாள்களில் மட்டும் குறைந்தால்

இந்தக் கிளைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்வது. ஏனென்றால் இங்கே கருவியில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனாலும் எண் பொய், அதுவும் ஆபத்தான பக்கத்துக்கு.

கன்னியாகுமரி, கேரளக் கரைகளில் கள்ளக்கடல் என்பார்கள். தெற்கே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயல்காற்று எழுப்பிய நீண்ட அலைகள், உள்ளூரில் காற்றே இல்லாத நாளில் வந்து கரையேறும். 18 வினாடிக் காலமுள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நகரும். வானம் தெளிவாக இருக்கும். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழப்பாக இருக்கும். கரையில் மட்டும் தண்ணீர் திடீரென்று உள்ளே வரும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இப்படிப்பட்ட அலையில் உயிரிழந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாள் அது. ஹைதராபாத்தில் இருந்து இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் சேவை மையம் அந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது; அது வந்திருக்கும் நாளில் உங்கள் திரை 0.5 மீட்டர் என்று சொன்னால், திரையை நம்பாதீர்கள்.

வழவழப்பான நீரில் சிற்றலை இல்லை. சிற்றலை இல்லாவிட்டால் ரேடாருக்குக் கண் இல்லை. ஆனால் மென்பொருள் அதை ஒப்புக்கொள்வதில்லை. 'தெரியவில்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'சிறிய அலை' என்று ஒரு எண்ணைப் போட்டுவிடுகிறது. எனவே முதல் வேலை: காற்று வினாடிக்கு 3 மீட்டருக்குக் கீழே இருந்தால் அந்த நேரத்து உயரம் 'செல்லாது' என்று குறிக்கப்படும்படி மென்பொருளில் நிபந்தனை போடுங்கள். வெற்றிடத்தைப் பார்த்தால் மனிதர் சன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பார். 0.5 என்ற எண்ணைப் பார்த்தால் பார்க்க மாட்டார்.

சிறிது காற்று இருந்தும் நீண்ட அலை சிக்கவில்லை என்றால் மூன்று அமைப்புகளைப் பாருங்கள். முதலாவது, கீழ் அதிர்வெண் வடிகட்டி. நிலையான எதிரொலிகளை நீக்க வைக்கும் இந்த எல்லை 15 வினாடியில் நின்றால் அதற்கு மேற்பட்ட அலைகள் குப்பைத்தொட்டிக்குப் போகும். இரண்டாவது, எத்தனை படங்கள். ஆண்டெனா நிமிடத்துக்கு 24 முறை சுற்றினால் ஒரு படத்துக்கு 2.5 வினாடி, 32 படங்கள் என்றால் மொத்தம் 80 வினாடி. அதற்குள் 18 வினாடி அலை நான்கு முறைதான் வந்துபோகும். 64 ஆக்குங்கள், கணினி தாங்கினால் 128. மூன்றாவது, பகுப்பாய்வுச் சட்டகத்தின் (படத்தில் கணக்கிடுவதற்காக வெட்டி எடுக்கும் பகுதியின்) அளவு. அதே 18 வினாடி அலையின் நீளம் ஆழ்கடலில் 500 மீட்டர், 40 மீட்டர் ஆழத்தில் சுமார் 330, 15 மீட்டர் ஆழத்தில் சுமார் 210. சட்டகத்துக்குள் இரண்டு மூன்று அலையாவது முழுதாக அடங்க வேண்டும். 600 மீட்டர்ச் சட்டகம் 15 மீட்டர் ஆழத்தில் போதும். 40 மீட்டர் ஆழத்தில் போதாது.

இதற்கு வெளியாள் தேவையில்லை. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே படத்தொகுதியைப் பகுப்பாய்வு செய்து ஒப்பிட்டால் போதும்.

## அறிகுறி 3: உயரம் திடீரென்று குதிக்கிறது

மழை. ஐப்பசி, கார்த்திகையில் பத்துக்கு எட்டு முறை இதுதான் காரணம். மழைத்துளிகளும் எக்ஸ் பேண்டில் எதிரொலிக்கும். அலைக் கோடுகள் வழக்கமாக மறையும் தூரத்துக்கு அப்பாலும் பஞ்சுபோல் வெளிச்சம் இருந்தால் அது மழை. ரெயின் கிளட்டர் பொத்தானை அழுத்திச் சரிசெய்ய நினைக்காதீர்கள். மழையோடு அலையும் போகும். மழை நேரத்துத் தரவை ஒதுக்குவதுதான் தீர்வு. தளத்தில் ஒரு மழைமானி இல்லை என்றால் வாங்கி வையுங்கள். ரேடார் உதிரிபாகம் எதையும்விட அது மலிவு.

பக்கத்துக் கப்பலின் ரேடார். மையத்திலிருந்து வளைந்து போகும் புள்ளிக்கோடுகள், ஒவ்வொரு சுற்றிலும் இடம் மாறும். வெளித்துறையில் கப்பல்கள் கூடியிருக்கும் நாள்களில் வரும். குறுக்கீட்டு வடிகட்டியை மிதமான நிலையில் வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

சட்டகத்துக்குள் படகு. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் புறப்படும் அதிகாலையில் எங்கள் சட்டகம் ஒன்றில் உயரம் எகிறும். சட்டகத்தைப் படகுப் பாதையிலிருந்து 300 மீட்டர் நகர்த்தியதும் நின்றது.

## அறிகுறி 4: திசை தவறு

### எல்லா நாளும் ஒரே அளவு விலகல்

வடக்குக் குறி நகர்ந்திருக்கிறது. கலங்கரை விளக்கம், தடுப்புச் சுவரின் முனை போன்ற, வரைபடத்தில் இடம் தெரிந்த ஒரு பொருளை எடுங்கள். கோபுரத்திலிருந்து அதன் திசைக்கோணத்தை வரைபடத்தில் கணக்கிடுங்கள். ரேடார் படத்தில் அதே பொருள் எந்தக் கோணத்தில் தெரிகிறது என்று பாருங்கள். வேறுபாடுதான் உங்கள் பிழை. அதை அமைப்பில் கழித்துவிடுங்கள். ஒரு பொருளோடு நிறுத்தாமல் வேறு திசையில் இன்னொன்றையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே பிழை வரவில்லை என்றால் அறிகுறி 6-க்குப் போங்கள்.

காந்த வடக்கு, உண்மை வடக்கு என்ற குழப்பத்தின் மேல் பழியைப் போடாதீர்கள். தமிழகக் கரையில் அந்த வேறுபாடு ஓரிரு பாகைதான். 15 பாகை விலகினால் காரணம் வேறு. ஆண்டெனாவை இறக்கி ஏற்றியபோது ஒரு துளை தள்ளிப் போல்ட் போட்டிருக்கலாம்.

சரியாக 180 பாகை விலகினால், அலை 'வரும்' திசையா 'போகும்' திசையா என்ற மரபுக் குழப்பம். மிதவைகள் வரும் திசையைச் சொல்லும். காற்றுக்கும் அதே மரபு; நீரோட்டத்துக்குத்தான் போகும் திசை. அறிக்கையின் மேல்வரியிலேயே எழுதிவிடுங்கள்.

### சில நேரம் மட்டும் அலை கரையிலிருந்து வருவதாகக் காட்டினால்

கரையிலிருந்து அலை வராது. ஆனால் தடுப்புச் சுவரில் மோதித் திரும்பும் அலை உண்மையிலேயே அப்படித்தான் வரும். சட்டகம் சுவருக்கு அருகில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது பிழை அல்ல.

சுவர் அருகில் இல்லையென்றால் காலத்தைப் பாருங்கள். 2.5 வினாடிக்கு ஒரு படம் என்றால், 5 வினாடிக்கும் குறைந்த காலமுள்ள அலைகளை ரேடாரால் சரியாகப் பின்தொடர முடியாது. திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரியுமே, அதே கதை. 4 வினாடி அலை, சுமார் 6.7 வினாடி அலையாக, எதிர்த்திசையில் போவதாகத் தெரியும். உள்ளூர்க் காற்று எழுப்பிய குட்டை அலைகள் மேலோங்கும் மாலை நேரங்களில் இது வரும். சில மென்பொருள்கள் இந்த மடிப்பைத் தாமே விரித்துவிடும். அந்த வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிமிடத்துக்கு 48 முறை சுற்றும் வேகத்துக்கு மாற்ற வேண்டும். மோட்டாரும் பல்சக்கரப் பெட்டியும் அதற்கு ஏற்றவையா என்பதை ரேடார் தொழில்நுட்பரிடம் கேட்காமல் மாற்றாதீர்கள்.

## அறிகுறி 5: நீரோட்டம் நம்ப முடியாத அளவு

தமிழகக் கரையோரத்தில், துறைமுக வாயில் அல்லாத இடத்தில் வினாடிக்கு 1.5 மீட்டர் நீரோட்டம் என்று ரேடார் சொன்னால் ஆழத்தைப் பாருங்கள். மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் ஓட்டம் அவ்வளவு வேகமாக இருந்தால் வலை போட்டவர்கள் உங்களுக்கு முன்பே சொல்லியிருப்பார்கள். கரைக்குப் போய்க் கேளுங்கள். அது நல்ல சோதனை.

10 வினாடி அலையின் நீளம் ஆழ்கடலில் 156 மீட்டர். 12 மீட்டர் ஆழத்தில் 100 மீட்டர். அதாவது அங்கே அதன் வேகம் வினாடிக்கு 10 மீட்டர். மென்பொருளில் யாரோ ஆழத்தை 20 என்று போட்டிருந்தால், 100 மீட்டர் நீள அலை வினாடிக்கு 11.5 மீட்டர் போக வேண்டும் என்று அது எதிர்பார்க்கும். உண்மையில் 10 மீட்டர்தான் போகிறது. மீதி 1.5 மீட்டரை என்ன செய்வது? எதிர்நீரோட்டம் என்று எழுதிவிடும். நீண்ட அலைகள் மட்டும் இருக்கும் நாளில் இந்தப் பொய் நீரோட்டம் பெரிதாகவும், குட்டை அலைகள் இருக்கும் நாளில் சிறிதாகவும் தெரியும். எப்போதும் அலையின் திசைக்கு எதிராகவே இருக்கும்; போட்ட ஆழம் உண்மையைவிடக் குறைவு என்றால் அலையின் திசையிலேயே இருக்கும். இந்த அடையாளம் தெரிந்தால் உறுதியாக ஆழம்தான்.

ஆழம் எப்படித் தவறாகிறது? பழைய வரைபடம். தூர்வாரிய பிறகு புதுப்பிக்காத எண். புயலுக்குப் பின் மணல் நகர்ந்தது. ஓதத்தை, அதாவது கடல் மட்டத்தின் தினசரி ஏற்ற இறக்கத்தை, குறை சொல்வது இங்கே எடுபடாது. நம் கரையில் ஓத வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். காம்பே வளைகுடாவில் அது 10 மீட்டரை எட்டும்; அங்கே ஓதத்தை மணிக்கு மணி சேர்க்காமல் நீரோட்டத்தைக் கணக்கிடவே முடியாது.

ஆழம் சரியாக இருந்தும் நீரோட்டம் பைத்தியமாக அலைந்தால், சுற்றுக் காலத்தைப் பாருங்கள். மென்பொருள் 2.5 வினாடி என்று நிலையாக எடுத்துக்கொள்கிறது. ஆண்டெனா உண்மையில் 2.4-ல் சுற்றுகிறது. கடிகாரத்தை வைத்து ஐம்பது சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று கண்ணால் எண்ணியே கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு சுற்றின் உண்மை நேரத்தையும் பதிவு செய்யும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பலத்த காற்றில் ஆண்டெனாவின் வேகம் சுற்றுக்குச் சுற்று மாறுகிறது.

## அறிகுறி 6: படம் கிழிகிறது, நடுங்குகிறது, சுழல்கிறது

கணினிக்கு நான்கு சைகைகள் வர வேண்டும்: படம், ஒவ்வொரு துடிப்புக்கும் தூண்டல், கோணத் துடிப்பு, சுற்றுக்கு ஒருமுறை வரும் தலைப்புத் துடிப்பு. படம் முழுவதும் மெல்லச் சுழன்றால் தலைப்புத் துடிப்பு தவறுகிறது. ஆப்புபோல் ஒரு பகுதி மட்டும் வெட்டி நகர்ந்தால் கோணத் துடிப்பில் சில விழுகின்றன. வட்ட வட்டமாக உள்ளும் புறமும் நடுங்கினால் தூண்டல்.

முதலில் கனெக்டர்களைக் கழற்றிப் பாருங்கள். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் வெட்டி, புதிதாகப் போடுங்கள். கடற்கரையில் பி.என்.சி. கனெக்டர் எத்தனை ஆண்டு வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. நான் ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாற்றிவிடுகிறேன். அடுத்து, கோபுரத்துக்கும் கணினி அறைக்கும் தனித்தனி நில இணைப்பு (எர்த்) இருந்து கேபிள் வழியாக மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல்சக்கரப் பெட்டியில் இருந்து ஓசை வந்தால், எண்ணெய் கசிந்தால், நிறுத்திவிட்டு ஆளை அழையுங்கள். கோண உணரியை நாமே பிரித்துச் சேர்த்தால் வடக்குக் குறியும் போய்விடும்.

## அறிகுறி 7: மிதவையோடு ஒத்துப்போகவில்லை

சண்டை பெரும்பாலும் நேரத்தில்தான். மிதவைத் தரவு பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் வருகிறது. நம் கணினி இந்திய நேரத்தில் ஓடுகிறது. இரண்டு வரைபடங்களில் ஒன்றை ஐந்தரை மணிநேரம் நகர்த்திப் பாருங்கள். உச்சிகள் ஒன்றன் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தால் வேலை முடிந்தது.

நேரம் சரி என்றால், எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பாருங்கள். ரேடாரின் உயரம், உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரிக்கு நிகரானது. ஒரு மணிநேரத்தில் வரும் மிகப்பெரிய தனி அலை அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். படகில் இருப்பவர் 3 மீட்டர் என்று சொல்வதும் ரேடார் 1.6 என்று சொல்வதும் ஒரே கடலாக இருக்கலாம். மிதவை 30 மீட்டர் ஆழத்திலும் உங்கள் சட்டகம் 10 மீட்டர் ஆழத்திலும் இருந்தால், திசையும் உயரமும் வேறுபடத்தான் செய்யும். அலை ஆழம் குறையக் குறையத் திரும்பும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வேறுபாடு நிலைத்தால் மட்டுமே மறு அளவீடு. மேக்னட்ரானோ ஆண்டெனாவோ மாற்றினாலும் மறு அளவீடு கட்டாயம். இதை நாமே ஒரு வார அமைதியான கடலை வைத்துச் செய்துவிடக் கூடாது. சிறிய அலை, பெரிய அலை, உள்ளூர்க் காற்று அலை, தொலைவிலிருந்து வரும் நீண்ட அலை எல்லாம் அந்தத் தரவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புயல் நாளில் எண்கள் கைவிட்டுவிடும். அருகில் மிதவை இல்லை என்றால், அதை வாடகைக்குப் போட்டு, சில மாதத் தரவோடு அளவீடு செய்து தரும் கடலியல் பொறியாளரை அழையுங்கள். இந்தப் பட்டியலிலேயே செலவு கூடியது இதுதான்.

புதிய எண்கள் வந்ததும் பழைய எண்களை அழிக்காமல், எந்தத் தேதி எந்த மணியிலிருந்து மாற்றினோம் என்று பதிவேட்டில் எழுதி, இரண்டையும் அச்சிட்டு ரேடார் பெட்டியின் கதவுக்கு உள்புறம் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை மென்பொருளைப் புதுப்பிக்க வருபவர் முதலில் திறப்பது அந்தக் கதவைத்தான்.